திருவொற்றியூரின் நந்தா விளக்கும் முதுமைக்கான முதலும்

முதுமைக்கென்று பொருள் சேர்த்து வைப்பது கடமையா, பற்றா என்ற கேள்விக்குத் தமிழ்ச் சமய மரபு ஒரே விடையைச் சொல்லவில்லை. அதன் மாறுபட்ட விடைகள் வடசென்னைத் திருவொற்றியூரில் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தொலைவிலேயே இருக்கின்றன. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகரான அவரிடம், கடல் வாணிகம் போய் வந்த வளர்ப்பு மகன் மருதவாணர் ஒரு பெட்டியைக் கொடுத்ததாகவும், அதில் ஓலை நறுக்கு ஒன்றும் காதில்லாத ஊசி ஒன்றும் இருந்ததாகவும் மரபு சொல்கிறது. சாகும்போது அந்த ஊசிகூட உடன் வராது என்பது ஓலையின் செய்தி. பட்டினத்தார் கணக்கையும் கிடங்கையும் விட்டு வெளியேறினார். ஊர் ஊராகத் திரிந்து ஒற்றியூரில் அடங்கினார்.

இதே ஊரில் செக்காட்டும் குடியில் பிறந்தவர் கலிய நாயனார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் அவர் வரலாற்றைப் பாடினார். கோயிலின் உள்ளும் புறமும் விளக்கேற்றியே கலியரின் பெருஞ்செல்வம் கரைந்தது. பிறகு உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, கிடைத்த கூலியில் விளக்கெரித்தார். அதுவும் நின்றபோது அடுத்தவர் செக்கில் உழைத்தார். கூலி வேலையும் கிடைக்காமல் போகவே வீட்டை விற்றார். மனைவியையே விற்க முயன்றார். வாங்குவார் இல்லாத நிலையில், தன் குருதியையே எண்ணெயாக்கக் கழுத்தை அரியத் தொடங்கியபோது இறைவன் கை தடுத்தது. பக்தியின் உச்சமாகவே மரபு இதைப் போற்றுகிறது. ஆனால் கதையின் படிகளில் வேறொன்றும் தெரிகிறது: கையிருப்பு தீர்ந்து, கடனும் கூலி வேலையும் மறுக்கப்பட்டு, வீடு கைமாறிப் போகும் ஒரு தொழிலாளியின் சரிவு. சேக்கிழார் அதில் ஒரு படியையும் மறைக்கவில்லை.

கோயில் சுவரோ வேறு வழியைச் சொல்கிறது. ஒற்றியூரில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. அவற்றில் நந்தா விளக்குக்கான நிவந்தங்கள் உண்டு. பொன்னை ஊர்ச்சபையிடம் முதலாக வைத்து, அதன் வட்டியில் விளக்கெரிப்பது ஒரு முறை. ஆடுகளைக் கொடுப்பது மற்றொன்று. ஒரு விளக்குக்கு 90 ஆடு என்பது சோழர் காலத்தில் பரவலாக இருந்த அளவு. ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் அளவு குறையாமல் நெய் தர வேண்டும். கிழட்டு ஆட்டின் இடத்தில் குட்டியை நிரப்பி மந்தையின் எண்ணிக்கையைக் காக்க வேண்டும். இந்த மந்தையைத்தான் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்கின்றன. கலியரின் விளக்கும் இந்த விளக்கும் ஒரே இறைவனுக்கு ஏற்றப்பட்டவை. ஒன்றில் கொடுப்பவர் தம்மையே எரித்தார். மற்றொன்றில் முதல் தொடப்படவில்லை, பயன் மட்டுமே செலவானது. இரண்டையும் ஒரே கோயில் ஏற்றுக்கொண்டது என்பதால், முதலைக் காப்பது பக்திக்கு எதிரானது என்று வாதிட இடமில்லை.

துறவியின் சொல் இல்லறத்தாருக்கும் பொருந்துமா என்பதைத் திருக்குறள் தெளிவாக்குகிறது. நிலையாமைக்கும் துறவுக்கும் அதிகாரம் வகுத்த வள்ளுவர், பொருள் செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இல்வாழ்க்கை அதிகாரத்தில் இல்லறத்தான் பேண வேண்டியோர் ஐவரைச் சொல்கிறார்: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் தான். தன்னைப் பேணுவதும் அறக்கடமைகளில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. துறந்தவர்க்கும் துணை இல்லறத்தானே என்பது அதே அதிகாரத்தின் கருத்து. பட்டினத்தார் கையில் விழுந்த சோறு யாரோ ஒருவர் வீட்டுக் குதிரிலிருந்து வந்தது. வள்ளுவர் கண்டிப்பது, தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் குவித்து வைக்கும் செல்வத்தை.

ராயபுரத்தில் இதே கேள்வி வேறு நூல்களின் வழியாக எழுகிறது. மீனவக் குடும்பங்களின் பங்கான புனித ராயப்பர் ஆலயத்தில் வாசிக்கப்படும் மலைப்பொழிவு, நாளையைப் பற்றிய கவலையை விடச் சொல்கிறது. விதைக்காத பறவைகளைக் காட்டுகிறது. அதே வேதாகமத்தின் தொடக்கநூலில் யோசேப்பு, ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைப் பஞ்சத்துக்கென எடுத்து வைக்கச் சொல்கிறார். குர்ஆனிலும் யூசுப் வரலாற்றில் இந்தச் சேமிப்பு வருகிறது. இஸ்லாம் சேமிப்பைத் தடுக்கவில்லை. குறைந்தபட்ச வரம்பான நிஸாபை எட்டிய செல்வம் ஓராண்டு கையில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கை ஜகாத்தாகக் கேட்கிறது. வட்டி விலக்கப்பட்டதால் எழும் சிக்கலுக்கும் விடை தேடப்பட்டிருக்கிறது: கட்டாயமாகப் பிடிக்கப்படும் வருங்கால வைப்பு நிதியில் சேரும் கூடுதல் தொகை ஊதியத்தின் பகுதியே என்று இந்திய உலமாக்களில் ஒரு சாரார் தீர்ப்பளித்துள்ளனர்.

அந்த வைப்பு நிதிதான் இந்தத் தொழிற்பட்டையின் பேராடு. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். என்று ஆலைகள் எழுந்த காலத்தில், 1952இல் அதற்கான சட்டம் வந்தது. இன்று தொழிலாளி அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 12 விழுக்காடு செலுத்த, நிர்வாகமும் 12 விழுக்காடு செலுத்துகிறது. நிர்வாகத்தின் பங்கிலிருந்து 8.33 விழுக்காடு, 1995இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அதற்கு 15,000 ரூபாய் ஊதிய வரம்பு 2014இல் வைக்கப்பட்டது. பத்தாண்டு பணி முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம். ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும்: 15,000 ரூபாய் வரம்பில் 35 ஆண்டுக்கு மாதம் 7,500 ரூபாய்.

கணக்கு சரிதான், குறை வேறிடத்தில் இருக்கிறது. சோழர் காலத்து நிவந்தம் ஆடுகளாக எண்ணப்பட்டது, பயன் நெய்யாக அளக்கப்பட்டது. நெய் விலை எவ்வளவு ஏறினாலும் விளக்குக்கு அதே அளவு நெய் வந்தது. இந்த ஓய்வூதியமோ ரூபாயாக எண்ணப்படுகிறது. அரசு ஓய்வூதியருக்கு உள்ள அகவிலைப்படி ஆலைத் தொழிலாளிக்கு இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் சுமார் 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். 58 வயதில் வாங்கிய 7,500 ரூபாய் 70 வயதில் பாதிச் சாமான்தான் வாங்கும். குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய் 2014இல் வைக்கப்பட்டது. முதல் தேயக் கூடாது என்ற பழைய அறிவு இந்தத் திட்டத்தில் கைவிடப்பட்டிருக்கிறது. முதுமைத் திட்டமிடலில் முதலில் திருத்த வேண்டியது இதுவே. அதுவரை மொத்தமாக வரும் வைப்பு நிதியையும் கிராஜுவிட்டியையும் கரைக்காமல், ஒரு பகுதியையாவது விலைவாசியோடு வளரும்படி வைப்பதே தொழிலாளியின் கையில் உள்ள வழி.

ஆனால் அந்தத் தொகை பெரும்பாலும் முழுதாக வந்து சேர்வதில்லை. மகள் கல்யாணம், வீடு, வைத்தியம் என்று முன்பணமாகப் போய்விடுகிறது. பிள்ளைகளே முதுமைக்கு முதல் என்ற நம்பிக்கை இதன் பின்னே இருக்கிறது. அந்த நம்பிக்கை எல்லா வீட்டிலும் நிற்கவில்லை என்பதற்கு, பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை 2007இல் சட்டமாக எழுத நேர்ந்ததே சாட்சி. ஐவரில் சுற்றத்தாரைப் பேணித் தன்னை மறப்பதைத் தியாகம் என்று புகழ்வது எளிது. மறக்கப்பட்ட ஐந்தாமவரின் பாரம் பின்னர் அதே பிள்ளைகளின் தலையில்தான் ஏறுகிறது.

வைப்பு நிதியே இல்லாதவர்கள் இந்தக் கடற்கரையில் ஏராளம். காசிமேட்டில் படகுக்குப் போகும் மீனவருக்குச் சம்பளம் இல்லை, பிடிபட்ட மீனில் பங்குதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. சேமிப்பு, நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் ஆளுக்கு 1,500 சேர்த்து 4,500 ஆகக் கிடைக்கும். அது மீன் குறைந்த மாதங்களைத் தாண்டுவதற்கே. 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டம் 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தருகிறது; 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். அந்த வயதைத் தாண்டியவருக்கு மிஞ்சுவது, 1962இல் 20 ரூபாயாகத் தொடங்கி 2023இல் 1,200 ஆன முதியோர் உதவித்தொகை. ஆதரவற்றவர் என்று காட்டினால்தான் அது கிடைக்கும். துறவு, உள்ளதை விடுபவரின் உரிமை. அறுபது வயதில் தன்னிடம் ஒன்றுமில்லை என்று அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டிய மீனவரிடம் போய்ப் பற்றின்மையைப் போதிக்க எந்தச் சமயத்துக்கும் தகுதியில்லை.