கோமுகி

மலையே சிவம் என்று நம்பி, குமாரபாளையத்தில் தறியை நிறுத்திவிட்டுப் பௌர்ணமிதோறும் அண்ணாமலையைச் சுற்றப் போகிறவள் நான். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த மலைச்சரிவு அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் இறங்கியது. ஏழு உயிர், அதில் ஐந்து குழந்தைகள். "சாமியே இப்படிச் செய்யலாமா?" என்று அம்மா அழுதாள்.

சாமியின் மேல் பழிபோட எனக்கு மனம் ஒப்பவில்லை. மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நிறைந்தால் பிடிமானம் விட்டுப்போகும். கல்லும் சேர்ந்து உருளும். மேலேயே வாய்க்கால் வெட்டி நீரை ஓரமாகத் திருப்பிவிட்டால் சரிவின் பாரம் குறையும்.

எங்கள் ஊர் ஆற்றின் அக்கரையில் பவானி கோயில். பாசி படிந்த கோமுகியில் அபிஷேகப் பால் நூலாக வழிவதைப் பார்த்தபடி நின்றேன். கருவறைக்குள் ஒரு குடம் நீர் தேங்கக்கூடாது என்று வழி வைத்தவர்கள் நாம். மலையாக நிற்கும் சிவத்துக்கு அந்த வழியை வைத்தோமா?

அவ்வருடம் தீபத்துக்கு, வல்லுநர்கள் மலையைப் பார்த்த பிறகு, பக்தர்களை மேலே ஏறவிடவில்லை. கீழே நின்றே கும்பிட்டேன்.