வளையமும் தகரவில்லையும்

உயிருள்ள ஒன்றைப் பிடித்து, அதன் உடலில் இலக்கமொன்றைப் பூட்டிவிட மனிதனுக்கு உரிமை உண்டா? இது பறவை ஆராய்ச்சியாளர் மட்டும் விடை கூறவேண்டிய கேள்வி போலத் தோன்றலாம். ஆயினும் மலைநாட்டு மக்களுக்கு இக்கேள்வி தம் முன்னோரின் வரலாற்றோடு பிணைந்த ஒன்று.

ஐப்பசி பிறந்ததும் நுவரெலியாவுக்குத் தொலைதூர விருந்தினர் வந்து சேருகின்றனர். காஷ்மீரத்துக் காடுகளில் குஞ்சு பொரிக்கும் ஈப்பிடிப்பான் குருவியும், இமயச் சாரலிலிருந்து வரும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் விக்டோரியா பூங்காவின் மரநிழலில் பங்குனி வரை தங்கிச் செல்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் இவ்வுயிர்கள் எவ்வழியே வருகின்றன, எத்தனை ஆண்டுகள் வாழ்கின்றன என்பவற்றை அறிவதற்கு மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று, காலில் வளையமிடுதல்.

டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் என்பவர் 1890இல் துத்தநாக வளையங்களைக் கொண்டு இம்முயற்சியைத் தொடங்கினார். அவ்வளையம் பறவைக்குப் பாரமாயிற்று என்பதைக் கண்டதும் அதனைக் கைவிட்டார். பாரம் குறைந்த அலுமினிய வளையங்களைக் கொண்டு மீண்டும் அவர் தொடங்கியது 1899இல்தான். தமிழகத்துக் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக இப்பணியைச் செய்து வந்துள்ளனர். இலங்கையின் தென்கரையிலுள்ள புந்தலவில் 2005ஆம் ஆண்டு முதல் வளையமிடும் திட்டமொன்று தொடங்கப்பெற்றது.

முறை எளியது. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலையைக் கட்டுவர். சிக்கிய பறவையை விரைந்து எடுத்துத் துணிப்பையில் இடுவர். எடை பார்த்து, சிறகை அளந்து, இலக்கமிட்ட வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவர். வளையத்தில் இலக்கத்தோடு கழகத்தின் பெயரும், கண்டெடுப்போர் தமக்கு அறிவிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் இருக்கும்.

இதில் குற்றமே இல்லை என்று கூறிவிட முடியாது. பறவையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. அதனாலேயே வளையமிடுகிறவனுக்குப் பொறுப்பு கூடுகிறது. வளையம் பாரமாகக் கூடாது. பிடித்த பறவையை விட்டுவிட வேண்டும். கிடைத்த அறிவு அப்பறவையின் காட்டையும் நீரையும் காக்க உதவ வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும்போதுதான் அச்செயலை நியாயம் எனலாம். வளையத்திலுள்ள பெயர் பறவையின் எசமானனுடையது அன்று, கேள்வி கேட்பவனுடையது.

இனி, வலசைப் பறவைகள் கடக்கும் அதே பாக்குநீரிணையை மனிதர் கடந்த கதைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரிடம் 'டின் டிக்கட்' எனப்பட்ட தகரவில்லையொன்று கொடுக்கப்பட்டது. அதில் பொறித்திருந்தது தோட்டத்தின் இலக்கம். எந்தத் தோட்டத்தில் ஆளை ஒப்படைக்க வேண்டும், வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதவேண்டும் என்பதையே அது கூறிற்று. அச்செலவு கங்காணியின் கணக்கேட்டில் தொழிலாளியின் கடனாக ஏறியது. கடன் தீராதவன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவன் கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். 1921இல் சட்டம் தடை செய்யும் வரை துண்டு முறை நிலவிற்று.

இரண்டும் உலோகம்தான், இரண்டிலும் இலக்கம்தான். எனினும் வளையம், பறவை எங்கே போகிறது என்று கேட்கிறது. தகரவில்லையோ, மனிதன் எங்கே போகவேண்டும் என்று கட்டளையிட்டது. துத்தநாகம் பாரமாயிற்று என்று ஒரு பள்ளி ஆசிரியர் ஒன்பது ஆண்டுகள் பொறுத்திருந்தார். கடனின் பாரத்தைக் கண்டு எத்தனை துரைமார் கணக்கேட்டை மூடி வைத்தனர்?

மனிதரைப் பறவையோடு ஒப்பிடலாமா என்று சிலர் வினவக்கூடும். பேசத் தெரியாத உயிரிடம் சம்மதம் பெற முடியவில்லை என்பதற்கு ஓரளவு சமாதானம் உண்டு. பேசத் தெரிந்த மனிதனிடம் கேளாமல் விட்டதற்கு என்ன சமாதானம்? 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். எண்ணப்பட்டவர் எவரும் அந்தப் பேச்சு மேசையில் அமர்ந்திருக்கவில்லை. நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003இல்தான் பிறந்தது.

ஆண்டில் பாதிக்காலம் மட்டும் தங்கிச் செல்லும் ஈப்பிடிப்பானை இலங்கைப் பறவைகளின் பட்டியலில் சேர்ப்பதற்கு எந்த அறிஞரும் தயங்கவில்லை. இங்கேயே பிறந்து, இம்மண்ணிலேயே உழைத்து மடிந்தவரின் பேரப்பிள்ளைகளை மட்டும் வந்தேறிகள் என்றனர். குருவிக்குக் காட்டிய நேர்மையில் ஒரு பங்கையேனும் மனிதருக்குக் காட்டியிருக்கலாம் அன்றோ?

எண்ணுவது தீது என்று நாம் கூறவரவில்லை. எண்ணாமல் அறிவில்லை, அறியாமல் காப்பதற்கும் வழியில்லை. தொகைமதிப்பும் வாக்காளர் இடாப்பும் மக்களுக்குத் தேவையானவையே. ஆனால் எண்ணுகிறவன், எண்ணப்படுகிறவனுக்குக் கடமைப்பட்டவன். இலக்கத்தின் பாரம் யார் மீது விழுகிறது, அதன் பயன் யாரைச் சேருகிறது, இலக்கம் பெற்றவர் தம் விருப்பப்படி செல்ல முடிகிறதா என்று ஒவ்வொரு பட்டியலையும் பார்த்துக் கேட்க வேண்டும். லயன் அறைகளில் வாழும் பலருக்குத் தோட்ட அலுவலகத்தின் வழியாக அன்றி நேரே கடிதம் வந்து சேரும் தனி முகவரிகூட நெடுங்காலம் இருந்ததில்லை. தொழிலாளியை இலக்கத்தால் அறிந்த தோட்டம், அவன் வாசலுக்கு ஓர் இலக்கம் தரத் தவறிவிட்டது. அதனைக் கேட்டுப் பெறுவது சலுகையை யாசிப்பது ஆகாது. எண்ணியவர்கள் தீர்க்காமல் விட்ட கடனைக் கேட்பதேயாகும்.