முகக்கவசத்தோடு வீடு திரும்பியவர்கள்

2003 மார்ச் 7ஆம் திகதி கனடாவின் டொரொன்டோவில் உள்ள ஸ்காபரோ கிரேஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒருவர் கடும் நெஞ்சுச் சளியோடும் காய்ச்சலோடும் வந்தார். ஹொங்கொங் போய்வந்த அவருடைய தாயார் இரண்டு நாள் முன்னர்தான் வீட்டிலேயே இறந்திருந்தார். காசநோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுற்றார்கள். அன்றைய அறிவுக்கு அது நேர்மையான ஐயம். சார்ஸ் என்ற பெயர்கூட அந்த நோய்க்கு இன்னும் வைக்கப்படவில்லை. தனியறைக்கு மாற்றப்படும்வரை பல மணி நேரம் அவர் மற்ற நோயாளிகளுக்கு நடுவே கிடந்தார். நோய் அங்கிருந்து பரவியது. ஒன்ராறியோவில் நோயுற்ற ஏறத்தாழ 375 பேரில் 72 விழுக்காட்டினருக்கு அது தொற்றியது சிகிச்சை நடக்கும் இடங்களில்தான். 44 பேர் இறந்தார்கள்.

நோயாளிகளோடு புழங்கிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் அந்த நாட்களில் ஓர் ஏற்பாடு விதிக்கப்பட்டது. வேலைக்கு வரலாம், முடிந்ததும் நேரே வீடு. கடைக்கோ கோயிலுக்கோ போகக் கூடாது. வீட்டுக்குள்ளும் முகக்கவசம், தனிப் படுக்கை, தனித் தட்டு. சொந்தப் பிள்ளையை அணைக்க முடியாத கை மறுநாள் காலை நோயாளியின் நாடியைப் பிடித்தது. இதில் தர்க்கம் இல்லாமல் இல்லை. மருத்துவமனையில் பாதுகாப்பு உடை இருக்கிறது. ஆட்கள் இல்லாவிட்டால் அவசரப் பிரிவை மூட வேண்டியதுதான். ஆனால் பேரப்பிள்ளையும் பாட்டியும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஸ்காபரோ வீடுகளில், தனியறை எங்கிருந்து வரும்?

வீட்டில் நோயாளித் தாய் இருக்கும் மருத்துவர், 'இந்த முறை என்னால் முடியாது' என்று சொல்லலாமா? கொள்ளைநோய்க் காலத்தில் உயிருக்கே ஆபத்தானாலும் மருத்துவர் பணியைத் தொடர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 1847ஆம் ஆண்டு நெறிமுறை வெளிப்படையாகவே கூறியது. பின்வந்த பதிப்புகளில் அந்த வாசகம் இல்லாமற்போனது. அதை அப்படியே மீட்பது கொடுமை. முற்றாக மறப்பதும் தவறு. தீப்பற்றிய வீட்டுக்குப் போவதில்லை என்று தீயணைப்பாளர் சொல்ல முடியாததுபோல், தொற்றுநோயாளியைத் தொட மாட்டேன் என்று மருத்துவர் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் படிப்புக்கும் அதிகாரத்துக்கும் சமூகம் வைத்த நம்பிக்கை அது.

ஆயினும் பிடிபடாத நோய் ஒன்றின் முன்னால் நிற்பவருக்கு முதலில் வேண்டியது தெளிந்த மனம். மனம் முழுக்க வீட்டில் இருக்க, அதை மறைத்துக்கொண்டு கட்டிலருகே நிற்பது துணிவுபோலத் தோன்றலாம்; அதன் விலையை நோயாளியே கொடுப்பார். 'எனக்குப் பதில் இன்று வேறொருவர் பார்க்கட்டும்' என்று வாய்விட்டுச் சொல்வதும் கடமையின் ஒரு பகுதியே. அப்படிச் சொல்பவரைக் கோழை என்று பார்க்காத மேலாளரும், மாற்று ஆளும் இருக்க வேண்டும். அதை அமைக்க வேண்டியது நிறுவனம்.

தொற்றுநோய் வல்லுநர் அலிசன் மெகியர் தாமே சார்ஸால் பீடிக்கப்பட்டு மீண்டார். ஸ்காபரோவின் குடும்ப மருத்துவர் நெஸ்டர் யாங்கா மீளவில்லை. அந்த ஆகஸ்டில் இறந்தார். மேலும் இரு தாதியர் இறந்தனர். அவர்களை வீரர்கள் என்று போற்றினோம். அவர்கள் வீரர்களே. ஆனால் சார்ஸ் பரவலை விசாரித்த நீதியரசர் ஆர்ச்சி கேம்பல் ஆணையம் 2007இல் வெளியிட்ட இறுதி அறிக்கை வேறொன்றையும் பேசியது: பணியாளருக்குச் சுவாசக் கவசத்தைச் சரியாக அணியப் பயிற்சி தர வேண்டும் என்று மாகாணச் சட்டத்தில் 1993 முதலே இருந்தும், பல மருத்துவமனைகள் அதைச் செய்திருக்கவில்லை. அறிவியல் உறுதி வரும்வரை பாதுகாப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் கேம்பல் வலியுறுத்தினார். தன் பங்கைச் செய்யாத நிறுவனம், இன்னொருவரிடம் உயிரைக் கேட்கும் உரிமையை எங்கிருந்து பெறுகிறது?

சார்ஸுக்குப் பின் ஒன்ராறியோ 5.5 கோடி என்-95 கவசங்களை வாங்கிச் சேமித்தது. 2017இல் மாகாணத் தலைமைக் கணக்காய்வாளர் பார்த்தபோது, அவசரகாலக் கையிருப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் காலாவதியாகியிருந்தது. மூன்றாண்டுகளில் கோவிட் வந்தது.