கடனா, தர்மமா?



ஓர் ஊரார் வீட்டுக்கு வீடு பணம் தண்டி, ஒரு பெண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பி மருத்துவச்சி வேலை படிப்பித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் படித்து முடித்ததும், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பணக்கார ஊரார் மூன்று பங்கு சம்பளம் கொடுத்து அவளை அழைத்துக்கொண்டார்கள். பிற்பாடு, இக்கரையில் தாய்மார் பிரசவத்தில் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனமிரங்கி, வருஷந்தோறும் ஒரு மூட்டைப் பழந்துணியும் கொஞ்சம் பால் மாவும் அனுப்பி வந்தார்கள். அக்கரையார் செய்தது தர்மமா?

கதை நான் கட்டியதுதான். ஆனால் மனோவியாதிக்காரரின் காரியத்தில் பணக்கார தேசங்கள் ஏழைத் தேசங்களோடு நடந்துகொண்ட விதம் இக்கதைக்கு வெகு தூரமல்ல. எத்தியோப்பியாவைப் பாருங்கள். 2003-ம் வருஷம் அத்தேசத்தின் ஜனத்தொகை ஏறத்தாழ 7 கோடி. அந்த 7 கோடிப் பேருக்கும் இருந்த மனோவைத்தியர்கள் 11 பேர். நம் தமிழ்நாட்டு ஜனத்தொகையும் 2011 கணக்கெடுப்பின்படி 7 கோடிக்குச் சற்று மேல்தான். கன்னியாகுமரி முதல் சென்னை வரைக்கும் 11 வைத்தியர் என்றால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தலைநகரான அடிஸ் அபாபாவிலுள்ள அமானுவேல் ஆஸ்பத்திரிதான் நெடுங்காலம் மனோவியாதிக்கென்று அங்கே இருந்த ஒரே ஆஸ்பத்திரி.

காரணம் என்ன? எத்தியோப்பியருக்குப் படிப்பு ஏறாமலா? இல்லை. மனோவைத்தியத்தில் தேர்ச்சி கொடுக்கும் படிப்பே அத்தேசத்தில் இல்லை. ஆகவே வாலிப வைத்தியர்களை அந்நிய தேசங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஏழைத் தேசத்தின் வரிப்பணத்தில் உருவான வைத்தியர், பணக்கார தேசத்து நோயாளியின் கட்டிலருகே நின்றார். சொந்த ஊர் நோயாளியோ வீட்டிலே கட்டிப்போடப்பட்டான்.

(கட்டிப்போட்டார்கள் என்றதும் யாரும் முகஞ்சுளிக்க வேண்டாம். 2001 ஆகஸ்டு 6-ம் தேதி நம் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு தப்பியோட வழியின்றி 28 மனோவியாதிக்காரர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்ட குடும்பத்தாரெல்லாம் கல்நெஞ்சர் என்று எண்ணாதீர்கள். வேறே எங்கே கொண்டுபோவது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?)

இங்கே நம்மில் சிலருக்கு மனம் உறுத்தக்கூடும். நர்ஸ் படித்த மகளை லண்டனுக்கும் துபாய்க்கும் அனுப்பிய தாய் தகப்பன் நமக்குள் உண்டு. அது பாவமா, சாமி, என்று கேட்பீர்கள். பாவமல்ல. படிப்பிக்க வாங்கிய கடனை அடைக்க வேண்டும். தங்கச்சிக்குக் கலியாணம் நடக்க வேண்டும். தன் உழைப்பை எங்கே கொடுப்பது என்று தீர்மானிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஒரு தேசத்தின் சுமை முழுவதையும் ஓர் ஏழைப் பெண்ணின் தலையில் ஏற்றி, நீ போகாதே என்று கட்டளையிடுவது கொடுமை. ஆனால் அவளை அழைத்துக்கொண்ட தேசத்தின் கணக்கு வேறு.

குருமடத்தில் நல்லொழுக்க சாஸ்திரம் படிக்கிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு பாகுபாடு கற்பிக்கப்படும்: பிறர்சிநேகம் வேறு, நீதி வேறு. பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன் தர்மம் செய்தவனாக மாட்டான். இது வெறும் வார்த்தைச் சண்டை அல்ல. தர்மம் வாங்குகிறவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும். பழந்துணி கொடுத்தால் பழந்துணி. கடன் கொடுத்தவனோ, எனக்கு இன்னது வரவேண்டும் என்று நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

2003-ல் எத்தியோப்பியர் அப்படித்தான் கேட்டார்கள். அடிஸ் அபாபா சர்வகலாசாலையின் மனோவைத்தியப் பகுதியார், கனடா தேசத்து டொராண்டோ சர்வகலாசாலைக்குச் சொல்லியனுப்பினார்கள். மருந்துப் பெட்டியும் கட்டடமும் அல்ல அவர்கள் கேட்டது, ஆசிரியர்களை. எங்கள் வாலிபரை உங்களிடம் அனுப்பமாட்டோம், நீங்கள் இங்கே வந்து படிப்பியுங்கள் என்பதே கருத்து. டொராண்டோவிலிருந்து இரண்டு மனோவைத்தியரும், தேர்ச்சி பெற்றுக்கொண்டிருக்கும் ஒரு வாலிப வைத்தியருமாக ஒரு மாதத்துக்கு வருவார்கள். வருஷத்துக்கு மூன்று முறை இப்படி. என்ன பாடம் வேண்டும் என்று சொன்னவர்கள் அடிஸ் அபாபாக்காரர். மூன்று வருஷப் படிப்பு முடிந்ததும் பட்டம் கொடுத்ததும் அவர்களுடைய சர்வகலாசாலையே.

வந்த ஆசிரியருக்கு அம்ஹாரிக் பாஷை தெரியாது. நோயாளி சொல்வதை மாணாக்கரே பெயர்த்துச் சொன்னால்தான் ஆசிரியருக்கு விளங்கும். குரு சீஷனை அண்டி நிற்கிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2006-ல் முதல் வகுப்பார் தேறினார்கள். அதிலிருந்து மனோவைத்தியரின் எண்ணிக்கை பல மடங்கு பெருகிற்று. அவர்களில் பெரும்பாலோர் தேசத்திலேயே தங்கினார்கள், சிலர் தலைநகரை விட்டு மற்ற நகரங்களுக்கும் போனார்கள். சொந்த ஜனங்கள் நடுவே படித்தவனுக்கு, அந்த வேலை செய்யத்தகாத வேலையாகத் தோன்றுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் இப்படிப்பட்ட நோயாளியை ஆஸ்பத்திரிக்கு முன்னே தீர்த்தத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். அடிஸ் அபாபாவை ஒட்டிய என்டோட்டோ மலையில் தேவமாதா கோயில் தீர்த்தம் பேர்போனது. அங்குள்ள குருமாரோடு மனோவைத்தியர்கள் பிற்பாடு கூடி வேலை செய்தார்கள். நோயாளி தீர்த்தமும் ஆடினார், மருந்தும் சாப்பிட்டார். கனடாக்காரர் தனியே வந்து ஓர் ஆஸ்பத்திரி கட்டி நடத்தியிருந்தால் இது நடந்திருக்குமா?

வைத்தியர் பெருகினால் மாத்திரம் போதும் என்று சொல்லவில்லை. ஆப்பிரிக்காவிலேயே ஜிம்பாப்வே என்ற தேசத்தில் டிக்ஸன் சிபாண்டா என்றொரு மனோவைத்தியர். 2005-ல் அவருடைய நோயாளியான ஓர் இளம்பெண் தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ்ஸுக்குப் பணமில்லாமல் போயிற்று என்று தாய் பிறகு சொன்னாள். வைத்தியர் இருந்தும் எட்டவில்லை. அதன்பின் 2006-ல் ஹராரே நகரத்து ம்பாரே என்ற ஏழைக் குடியிருப்பில், 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலையத்தின் வெளியே மரப்பெஞ்சியில் உட்கார்த்தினார். வருகிறவர் மனதிலிருப்பதைக் கொட்டுவார். பாட்டி கேட்டு, எந்தக் கஷ்டத்தை முதலில் தீர்க்கலாம் என்று வழி காணச் செய்வாள். வைத்தியர் சொல்லும் பெரிய வியாதிப் பெயரெல்லாம் வேண்டாம் என்றார்கள் பாட்டிமார். அவர்கள் ஷோனா பாஷையில் அதற்கு ‘குஃபுங்கிசிசா’ என்று பெயர். அளவுக்கு மிஞ்சி யோசிப்பது என்று அர்த்தம். ‘யோசித்து யோசித்தே உடம்பு போச்சு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில்லையா?

இது பாட்டி வைத்தியந்தானே என்று சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஜிம்பாப்வே வைத்தியரும் லண்டன் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, கனடா தேசத்துப் பண உதவியோடு, 24 நிலையங்களில் 573 பேரைப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு மாத்திரம் பெற்றவர்களில் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வின் குறிகள் இருந்தன. பாட்டிமாரிடம் வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான். பிற்பாடு அந்தப் பெஞ்சி நியூயார்க் நகரத்துக்கும் போயிற்று. ஆகவே கடன் ஒரு பக்கம் மாத்திரம் என்றும் சொல்வதற்கில்லை.

2010 மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சபையில், வைத்தியரையும் நர்ஸ்மாரையும் பிற தேசங்களிலிருந்து எடுப்பதைக் குறித்து ஒரு நெறிமுறை ஏற்கப்பட்டது. ஆள் பற்றாக்குறையுள்ள ஏழைத் தேசங்களில் வலிந்து ஆள் சேர்க்கலாகாது, அங்கே படிப்பிக்க உதவவேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் கட்டாயமில்லை; மனமுள்ளவர் செய்யலாம். இஷ்டமிருந்தால் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு நம் ஊரில் யார் கடன் கொடுப்பார்கள்?

நம் பங்கிலிருந்து வெளிதேசம் போயிருக்கும் வைத்தியரும் நர்ஸ்மாரும் விடுமுறைக்கு வரும்போது, இந்தத் தாளை அவர்களிடம் வாசிக்கக் கொடுங்கள். டொராண்டோவிலிருந்து போனவர்கள் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு மாதந்தான் போனார்கள், அதுவும் அழைத்த இடத்துக்கு.