அஞ்சடியில் யாருக்கு உரிமை?

சிங்கப்பூரின் பழைய கடைவீதிகளில் வியாபாரம் செய்தவர்களுக்கு அஞ்சடி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கடைவாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே, மேல்மாடியின் நிழலில் ஓடும் அந்த நடைபாதையைப் பற்றி நம்மிடையே ஒரு பேச்சு அடிக்கடி எழுவதுண்டு. "என் கடைக்கு முன்னால் நான் சாமான் அடுக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?" கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இந்த ஊரில் நூறாண்டுக்கு மேலாகியும் அது தீரவில்லை.

மற்றவையெல்லாம் மாறிவிட்டன. சூலியா வணிகர்கள் வந்திறங்கிய காலத்தில் தெலுக் ஆயர் வீதிதான் கடற்கரை. 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கே எழுந்த நாகூர் தர்கா அலைகளைப் பார்த்து நின்றது. 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். இன்று அதன் வாசலில் நின்றால் உயர்ந்த கட்டிடங்களே தெரியும். ஆற்றில் நெருங்கிக் கிடந்த தொங்கான்கள் 1983 இல் அப்புறப்படுத்தப்பட்டன. நம்மவர் பலர் நாணயம் மாற்றிப் பிழைத்த பழைய சேஞ்ச் அலி 1989 இல் மூடப்பட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001 இல் போய்விட்டது. கடலும் ஆறும் வாடகையும் மாறிய இடத்தில், இந்த அஞ்சடி வழக்கு மட்டும் மாறாமல் நிற்கிறது.

1822 இல் ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, வீதியின் இருபுறமும் உள்ள வீடுகள் முன்பக்கத்தில் தாழ்வாரம் விட்டுக் கட்டப்பட வேண்டும், அது எந்நேரமும் திறந்த, தொடர்ந்த நிழற்பாதையாக இருக்க வேண்டும் என்று விதித்தார். நிலம் வீட்டுக்காரருடையது, நடை ஊராருடையது. குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறந்தது. வாடகை கொடுப்பவர் தம் இடம் என்கிறார். நடப்பவர் தம் வழி என்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 1888 பிப்ரவரியில் நகரசபை தாழ்வாரங்களைக் காலி செய்ய முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, கல்லெறி நடந்தது. அதன் பிறகும் மூட்டைகள் அங்கேதான் கிடந்தன!

சட்டத்தைச் சட்டம் அறிந்தோர் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள், கணக்காகவே பார்ப்போம். நம் கடைக்கு வாடிக்கைக்காரர் எப்படி வருகிறார்? மழையிலும் வெயிலிலும் பக்கத்துக் கடைக்காரர் பத்துப்பேர் விட்டுவைத்த பாதை வழியாக வருகிறார். அந்தப் பத்துப்பேரும் நம்மைப் போலவே "இது என் இடம்" என்று அடைத்திருந்தால், நம் வாசலுக்கு யார் வந்திருப்பார்? அவர்கள் விட்ட இடத்தால் லாபம் அடைந்துவிட்டு, நம் முறை வரும்போது மூட்டையை அடுக்குவது பிறர் ஹக்கைத் தின்பதல்லவா? அந்தப் பாதை நம் கையில் இருக்கும் அமானிதம். வழியில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று சிறுவயதிலேயே ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் நாம்.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் நியாயம் பாதிதான். அந்நாளில் அஞ்சடியில் கடைக்காரரின் மூட்டை மட்டுமா இருந்தது? செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், மாடிப்படியின் அடியில் சிகரெட்டும் மிட்டாயும் விற்ற நம் மாமாக் கடைக்காரர், இரவில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த காவற்காரர், இவர்களும் இருந்தார்கள். கடை பிடிக்க முதல் இல்லாதவனுக்கு அந்த ஐந்தடியே முதல். இன்று பெரிய முதலாளிகளாக இருப்போரின் பாட்டன்மாரில் சிலர் அப்படித் தொடங்கியவர்களே. தெருவோர வியாபாரிகளை 1968 முதல் பதிவு செய்து, 1986க்குள் அங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். சுத்தமும் சுகாதாரமும் வந்தன. அதை மறுப்பது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் ஒருவன் வெறுங்கையோடு வந்து தொழில் தொடங்கும் வாசல் குறுகிப் போனதும் உண்மைதான்.

இடம் இருந்தும் மேலும் இடம் பிடிக்கும் கடைக்காரரையும், இடமே இல்லாமல் ஒரு மூலையில் ஒதுங்கியவரையும் ஒரே தராசில் வைக்கலாமா? அபராதச் சீட்டுக்கு இருவரும் ஒன்றே. நம் மனசாட்சிக்கு ஒன்றாக இருக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. வேடிக்கை என்னவென்றால், மூலையில் ஒதுங்கியவரைப் பற்றி அன்று உரக்கப் புகார் சொன்னவர்களில், தம் கடையின் மூட்டையை உள்ளே இழுக்காதவர்களும் இருந்தார்கள்.

இப்போது குளிர்சாதனப் பேரங்காடிகள் வந்துவிட்டன. அங்கே நடைகூடத்தின் நடுவிலும் சிறு கடை போட வாடகை உண்டு. யாரும் சும்மா நிழலுக்கு ஒதுங்குவதில்லை. சிராங்கூன் சாலைப் பக்கம் மட்டும் பழைய அஞ்சடி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஞாயிறு மாலை அங்கே போய்ப் பாருங்கள். அரிசி மூட்டையும் துணிக் கட்டும் தாண்ட முடியாமல், வண்டிகள் ஓடும் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். கைத்தடி ஊன்றிய முதியவர் இறங்குகிறார், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்த தாய் இறங்குகிறாள். அவர்களில் பலர் நம் கடைக்கு வந்துகொண்டிருப்பவர்கள்.