தெரிந்தவனின் விலை

ஒரு பொருளின் மதிப்பு எனக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. அவர் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டால் அது நியாயமா? பழம்பொருள் சேகரிக்கிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுவோம். "கேட்டதைக் கொடுத்தாச்சு, அப்புறம் என்ன?" என்பது எங்கள் வட்டாரத்தில் வேதவாக்கு.

நான் சேகரிப்பது உலோகத் தாங்கியோடு வரும் பழைய அச்சுக் கண்ணாடிக் கிண்ணங்கள். உருக்கிய கண்ணாடிக் குழம்பை இரும்பு அச்சில் விட்டு, மேலிருந்து ஒரு தண்டால் அழுத்தி எடுத்தவை. 1820களில் அமெரிக்காவில் இந்த வேலை இயந்திரத்துக்கு வந்தது. அதற்கு முன்பு பூவும் நட்சத்திரமும் போட்ட கண்ணாடி பணக்காரர் மேசைக்கு மட்டும்தான்; ஒவ்வொரு கோட்டையும் சக்கரத்தில் வைத்துக் கையால் வெட்ட வேண்டும். அச்சு வந்ததும் அதே பூ சாதாரண வீட்டுக்கும் வந்தது. விரலால் தடவினால் வித்தியாசம் தெரிந்துவிடும். வெட்டிய கண்ணாடியின் விளிம்பு கூராக இருக்கும், அழுத்தியது கொஞ்சம் மழுங்கியிருக்கும். அச்சின் பாகங்கள் சேர்ந்த இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு ஓடும்.

தாங்கியும் அதே கதைதான். பார்க்க வெள்ளி, பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன்கள் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதன்பிறகு மலிவான உலோகத்தின்மேல் வெள்ளித் தோல் போர்த்துவது பெருந்தொழிலாயிற்று. ஆக, கண்ணாடியும் வேஷம், வெள்ளியும் வேஷம். இன்றைக்கு அந்த வேஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு "ஒரிஜினலா?" என்று நாங்கள் அடித்துக்கொள்கிறோம்.

நான் இருக்கும் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பக்கத்தில் நெய்வேலி, பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டும்போது களிமண்ணும் சேர்ந்து வரும். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, இந்தத் தொழிலைப் பாடமாகச் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது. கூழ்போல் கரைத்த மண்ணைச் சுண்ண அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் ஓரத்தில் தோலாகப் பிடிக்கும். எடுத்தபின் அச்சுக்கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவார்கள். கொலு பொம்மை, அகல்விளக்கு, வீட்டு மின்பெட்டியில் இருந்த வெள்ளை ஃபியூஸ் கட்டை எல்லாம் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்தவை. எனவே அச்சில் செய்த பொருளை மட்டமாக நினைக்கும் பழக்கம் எனக்கு வரவில்லை. கண்ணாடிக் கிண்ணங்கள் எனக்குக் கிடைப்பது காயலான் கடைகளிலும், சில சமயம் வீடுகளிலும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் நிறைய பார்க்கலாம். ஆனால் அங்கே விற்பவருக்கு என்னைவிட அதிகம் தெரியும். மேலே கேட்ட கேள்வி அந்தத் தெருவில் எழாது.

கேள்வி பழையது. சிசரோ கி.மு. 44இல் எழுதிய 'கடமைகள் பற்றி' நூலில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அவன் சொல்ல வேண்டுமா? பாபிலோனின் டயோஜெனீஸ் தேவையில்லை என்கிறார்: சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், சொல்லாமலிருப்பது மறைப்பதாகாது. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் மறுக்கிறார்: மனிதரை மனிதரோடு பிணைக்கும் உறவு ஒன்று இருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சிசரோவின் தீர்ப்பு மாணவர் பக்கம். நம் நாட்டுச் சட்டம் குருவின் பக்கம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனத்தை மோசடி என்று சொல்வதில்லை. விலை மாறப்போகும் சேதி தெரிந்த வியாபாரி அதை எதிராளியிடம் சொல்லத் தேவையில்லை என்று உதாரணமே அதில் கொடுத்திருக்கிறார்கள். வள்ளுவரோ நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகருக்கு ஒதுக்கி, பிறர் பொருளையும் தன்னுடையதுபோல் பார்க்கச் சொல்கிறார்.

என் நண்பன் ஒருவன் சட்டத்தின் கட்சி. "டேய், நீ பத்து வருஷமா ராத்திரி முழிச்சு இதையெல்லாம் படிச்சிருக்க. அந்த அறிவுக்குக் கூலி வேணாமா? சொல்லிட்டு வாங்குறதுன்னா எதுக்குப் படிக்கணும்?" இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அறிவும் உழைப்புதான். ஆனால் கூலி என்பது பொருளின் விலையில் ஒரு பங்கு. முந்நூறு கொடுத்து நாலாயிரத்தை எடுத்துக்கொள்வதைக் கூலி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்னொன்றும் உண்டு. தானிய வணிகனிடம் வாங்குகிறவர் அதிக விலை கொடுத்தாலும் சோற்றுக்கு அரிசி கிடைத்துவிடும். என்னிடம் விற்கிறவருக்கு, தான் எதை இழந்தோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

அதனால் முதலில் விலையைச் சொல்லிவிட்டு, பிறகு பேரம் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். இதோடு கட்டுரை முடிந்திருக்கலாம். ஒரு பாட்டி முடிக்க விடவில்லை.

தேன் நிறக் கிண்ணம், மூன்று கால் தாங்கி, ஓரத்தில் திராட்சைக் கொடி. பூஜை அலமாரியில் தினமும் பூ பறித்து வைக்கும் கிண்ணம் அது. கல்யாணத்துக்கு வந்த சீராம். "முந்நூறு குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போ தம்பி" என்றார். "பாட்டி, இது வெளியில நாலாயிரத்துக்குப் போகும். நான் மூவாயிரம் தரேன்" என்றேன். அவர் கிண்ணத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்பன்னா பையன் வரட்டும், கேட்டுக்குறேன்" என்று உள்ளே கொண்டுபோய்விட்டார். சில மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது பூ ஒரு பிளாஸ்டிக் தட்டில் இருந்தது. கிண்ணத்தைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருப்பதாகச் சொன்னார். உடைஞ்சிடுமாம்.

கிண்ணம் எனக்குக் கிடைக்காததில் வருத்தம் இருந்தது. ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது அந்த பிளாஸ்டிக் தட்டு. கல்யாணத்திலிருந்து புழங்கிய பொருளை ஒரு வாக்கியத்தில் நான் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஜப்பானில் யானகி சோயெட்சு, பெயரில்லாத கைவினைஞர்கள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த பாத்திரங்களில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று வாதாடியவர். அவரே 1936இல் டோக்கியோவில் அந்தப் பாத்திரங்களுக்கு ஒரு அருங்காட்சியகம் திறந்தார். அழகைக் காட்ட, அதைப் புழக்கத்திலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் பாத்திரங்கள் பயன்படுவதற்காகச் செய்யப்பட்டவை, பார்வைக்கு வைப்பதற்காக அல்ல என்று எழுதினார்; எழுதியது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே.

அப்படியானால் விலையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமா? கிண்ணம் என் அலமாரியில் இருந்திருக்கும், அங்கேயும் யாரும் பூ வைக்கப் போவதில்லை. "சொன்னால் அவர் நிம்மதி கெடும்" என்று அவருக்காக நான் முடிவெடுப்பது கருணை மாதிரித் தெரியும். ஆனால் அந்தக் கருணையின் லாபம் முழுவதும் என் பைக்கு வருகிறது. நம் பைக்கு லாபம் தருகிற கருணையைச் சந்தேகப்படத்தான் வேண்டும்.

எங்கள் ஊர்க் கதை ஒன்று. சுந்தரர் இங்கே பழமலைநாதரிடம் 12,000 பொன் பெற்று, மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பார்கள். ஆற்றில் விடும் முன் மாதிரிக்காக ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைந்திருந்தது. பாடிய பிறகுதான் சரியானது. கொடுத்தவர் கடவுள், வாங்கியவர் அவருடைய தோழர். அப்போதும் உரைத்துப் பார்த்தார்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உரைகல் வாங்குகிறவன் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

இப்போதும் விலையைச் சொல்கிறேன். கூடவே ஒன்றும் சொல்கிறேன்: "விக்கலைன்னா எப்பவும்போல புழங்குங்க, உடைஞ்சா உடையட்டும்." பெரும்பாலோர் சிரிக்கிறார்கள். பாதிப்பேர் விற்றுவிடுகிறார்கள். வாங்கியவற்றில் ஒன்றில் என் வீட்டில் கல்லுப்பு இருக்கிறது. தாங்கியில் உப்பு படக்கூடாது என்று தெரியும், அடிக்கடி துடைக்கிறேன். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய ஃபியூஸ் கட்டையும் வைத்திருக்கிறேன். சுவிட்ச் மாதிரித் தட்டிவிடும் எம்.சி.பி. வந்தபின் வீட்டிலிருந்து கழற்றியது. காயலான் கடையில் அதற்கு விலையே கிடையாது. அதன் அச்சுக்கோட்டைச் சீவியவர் இன்னும் இந்த ஊரிலேயே எங்கேயாவது டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.