சிறுகச் செய்தாலும் தினமும் செய்க



நெய்வேலியில் 1957-ல் மேல்மண்ணை அகற்றத் தொடங்கினார்கள். 1961-ல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. அதுவரை வெறும் மண்தான்; ஆனாலும் வேலை நிற்கவில்லை.

பக்தியும் அப்படியே. நாளை முதல் உகப்படிப்பு முழுவதும் தினமும் படிப்பேன் என்று ஒருவர் சபதம் எடுக்கிறார். நைட் ஷிப்டு வந்ததும் விட்டுப்போகிறது. அந்த வெட்கத்தில் தாங்கல் பக்கமே வருவதில்லை. பெரிய சபதத்தால் உள்ளதும் போயிற்று.

வாகைப்பதியில் துவையல் தவசிருந்த மக்களுக்கு அய்யா அரிய வித்தை எதையும் சொல்லவில்லை. குளிப்பது, துணி துவைப்பது, அளவாக உண்பது. இவற்றையே தினமும் செய்ய வைத்தார். ஒடுக்கப்பட்ட சனம் அதில் தலை நிமிர்ந்தது.

ஆகவே, எந்த ஷிப்டானாலும் குளித்ததும் திருநாமம் தரித்து, அய்யாவை ஒருமுறை நினைத்தால் போதும். அது பழகியபின் அகிலத்தில் ஒரு பக்கம் படிக்கலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடரலாம். விட்டுப்போன பெரியதைவிட நிலைத்த சிறியதே மேல்.

அய்யா உண்டு.